உலகை வலம்வந்த காலடிகள்

திருவொற்றியூரை அடுத்துள்ள காலடிப்பேட்டையின் பெயரை முதன்முறையாகக் கேட்பவர்கள், யாரோ ஒரு பெரியவரின் பாதம் பட்ட இடம் போலும் என்று எண்ணிக்கொள்வது இயல்பு. வரலாறு சொல்வது வேறு. 1717-ஆம் ஆண்டு முதல் 1720-ஆம் ஆண்டு வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக விளங்கிய ஜோசப் காலெட் என்பவர் நெசவாளர் குடும்பங்களைக் குடியமர்த்திய பேட்டை இது. காலெட் பேட்டை என்பது மக்கள் நாவில் உருண்டு உருண்டு காலடிப்பேட்டை ஆயிற்று. ஆயினும் பெயர் பொருந்தாமற் போகவில்லை. துறைமுகத்திலும் தொழிற்கூடங்களிலும் நாள் முழுதும் நின்றும் நடந்தும் சுமந்தும் உழைக்கும் மக்கள் வாழும் பகுதி இது. கால் கடுக்க உழைப்பது என்னவென்று இவ்வூராருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

இத்தகைய உழைப்பாளர் இல்லங்களில் ஒரு வினா அவ்வப்போது எழுவதை நாம் அறிவோம். பங்குத் திருவிழாக் கலைநிகழ்ச்சியில் ஒரு சிறுவன் மிக நேர்த்தியாக ஆடுகிறான். கூட்டம் கைதட்டி மகிழ்கிறது. பெற்றோரும் மகிழ்கின்றனர். சில நாட்கள் கழித்து அவன், முறையாக நடனம் கற்க வேண்டும் என்று வாய் திறந்து கேட்கிறான். உடனே வீட்டின் காற்றே மாறிவிடுகிறது. "ஆண்பிள்ளைக்கு ஆட்டம் எதற்கு?" என்கிறார் ஒருவர். "ஆட்டம் சோறு போடுமா?" என்கிறார் மற்றொருவர். மேடையில் ஆடியபோது பெருமையாகத் தோன்றிய அதே செயல், வாழ்க்கைத் தொழிலாகக் கேட்கப்படும்போது மட்டும் வெட்கத்திற்குரியதாகத் தோன்றுகிறது.

இவ்விரு வினாக்களும் தள்ளிவிடத் தக்கவை அல்ல. முதலாவது வினா மானத்தைப் பற்றியது. இரண்டாவது வயிற்றைப் பற்றியது. இரண்டையும் நிதானமாக எண்ணிப் பார்க்கத் துணைபுரியும் ஒரு வாழ்க்கை வரலாற்றை இவ்விதழில் வாசகர்கள்முன் வைக்கிறோம். பெங்களூரில் பிறந்து, தமிழக நட்டுவனார்களிடம் பயின்று, ஐரோப்பாவும் அமெரிக்காவும் போற்ற ஆடிய ராம் கோபால் அவர்களின் வரலாறு அது.

அரசர் ஆடிய ஆட்டம்

மேலைநாட்டார் அவரை 'இந்தியாவின் நிஜின்ஸ்கி' என்று அழைத்தனர். இப்புகழுரையின் பொருள் விளங்க வேண்டுமானால், பாலே என்னும் நடனக்கலையைப் பற்றிச் சிறிது அறிதல் நலம்.

பாலே இத்தாலிய அரண்மனைகளில் முளைத்துப் பிரெஞ்சு நாட்டில் வளர்ந்த கலை. அந்நாட்டை ஆண்ட பதினான்காம் லூயி மன்னர், 1653-ஆம் ஆண்டில் தமது பதினான்காம் வயதில் கதிரவனாக வேடம் புனைந்து அரண்மனையில் ஆடினார். 'கதிரவ மன்னர்' என்னும் பெயர் அவருக்கு நிலைத்தது. 1661-இல் பாரிசில் நடனத்திற்கெனக் கழகம் ஒன்றையும் அவர் நிறுவினார். ஆகவே, பாலே பிறந்து வளர்ந்த காலத்தில் அது ஆடவரின் கலையாகவே இருந்தது. வாட்போர் போல, குதிரையேற்றம் போல, உயர்குடி ஆடவர் கற்றாக வேண்டிய பயிற்சியாகவும் இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை தலைகீழாயிற்று. நுனிக்காலில் நின்று காற்றில் மிதப்பதுபோல் ஆடும் மங்கையரே மேடையை ஆண்டனர். ஆடவர் அவர்களைத் தூக்கி நிறுத்தும் தூண்களாகச் சுருங்கினர். 1870-இல் பாரிசில் அரங்கேறிய 'கொப்பேலியா' என்னும் புகழ்பெற்ற பாலேயில், கதாநாயகனான இளைஞன் வேடத்தையே ஒரு பெண்தான் ஆடினார். ஆண் ஆடினால் மக்கள் விரும்பமாட்டார்கள் என்று எண்ணும் காலமாக அது இருந்தது. அந்நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் வாஸ்லாவ் நிஜின்ஸ்கி. போலந்து நாட்டுப் பெற்றோருக்குப் பிறந்து ரஷியாவில் பயின்ற அவர், 1909-ஆம் ஆண்டில் தியாகிலெவ் அவர்களின் குழுவுடன் பாரிசில் ஆடியபோது, ஆடவன் மேடையில் எத்தகைய வலிமையையும் அழகையும் காட்ட முடியும் என்பதை ஐரோப்பா மீண்டும் கண்டது. ஆனால் மனநோய் அவரை இளமையிலேயே மேடையிலிருந்து அகற்றிவிட்டது. 1950-இல் அவர் லண்டனில் காலமானார்.

நமது நாட்டிலும் இதற்கு இணையான வரலாறு உண்டு. கோயில்களிலும் அரசவைகளிலும் சதிர் ஆடியோர் பெண்டிர். அதைக் கற்பித்த நட்டுவனார்கள் ஆடவர். மெலட்டூர் பாகவத மேளாவிலும் கேரளத்துக் கதகளியிலும் ஆடவர் ஆடினர் எனினும், சதிர்மேடையில் ஓர் ஆடவர் தனித்து நின்று ஆடுவது அரிதினும் அரிதாக இருந்தது. ராம் கோபால் அடியெடுத்து வைத்தது இந்த மேடையில்தான்.

மறுத்த தந்தை, ஆதரித்த இளவரசர்

ராம் கோபால் 1912-ஆம் ஆண்டு பெங்களூரில் பிறந்தார். தந்தை ராஜபுத்திர மரபினர், வழக்கறிஞர். தாய் பர்மா நாட்டவர். வசதி மிக்க இல்லம். குறை ஏதுமின்றி வளர்ந்த பிள்ளை, தம்மைப் போலச் சட்டம் பயின்று நீதிமன்றம் ஏறுவான் என்று தந்தை எதிர்பார்த்ததில் வியப்பில்லை. ஆனால் பிள்ளையின் மனம் ஆட்டத்தில் நின்றது. தந்தைக்கு அது பிடிக்கவில்லை. நல்ல குடும்பத்துப் பிள்ளை கூத்தாடுவதா என்னும் எண்ணம் அக்காலத்தில் செல்வர் இல்லங்களில் வேரூன்றியிருந்தது. ஏழைத் தந்தை வயிற்றுக்கு அஞ்சுகிறார். செல்வத் தந்தை ஊர்ப்பேச்சுக்கு அஞ்சுகிறார். அச்சம் வேறாயினும் விடை ஒன்றே.

இந்நிலையில் அவருக்குத் துணைநின்றவர் மைசூர் இளவரசர் கண்டீரவ நரசிம்மராஜ உடையார். பிள்ளையின் ஆட்டத்தைக் கண்டு, இது அடக்கத்தக்க விளையாட்டு அன்று, வளர்க்கத்தக்க ஆற்றல் என்று உணர்ந்து ஆதரவு நல்கினார் அவர். குடும்பத்திற்கு வெளியே இருந்த ஒரு பெரியவரின் சொல், ஒரு கலைஞனின் வாழ்வைக் காத்தது. நம் பங்குகளில் பங்குத்தந்தையர்க்கும் அருட்சகோதரியர்க்கும் பள்ளி ஆசிரியர்களுக்கும் இத்தகைய வாய்ப்பு எத்தனை முறை வருகிறது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பந்தநல்லூரார் கற்பித்த பாடம்

ஆர்வம் மட்டும் ஒருவரைக் கலைஞராக்காது என்பதை ராம் கோபால் விரைவிலேயே உணர்ந்தார். கதகளியைக் குஞ்சுக் குறுப்பு அவர்களிடம் பயின்றார். வடநாட்டுக் கதக் நடனத்தையும் அதற்குரிய ஆசான்களிடம் கற்றார். பரதத்திற்கோ தமிழகம் வந்தார். தஞ்சை நால்வர் எனப் போற்றப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு சகோதரர்களின் வழித்தோன்றலாகிய பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்கள், அக்காலத்தில் நட்டுவனார்களுள் தலைசிறந்தவராக விளங்கினார். 1869-இல் பிறந்த அவர், ருக்மிணி தேவி அவர்களுக்கும் மிருணாளினி சாராபாய் அவர்களுக்கும் ஆசானாக இருந்தவர். அவரிடமும், பின்னர் முத்துக்குமார பிள்ளை அவர்களிடமும் ராம் கோபால் பரதம் பயின்றார்.

அப்பயிற்சி எத்தகையது என்பதைக் கூறினால், கலையை ஒரு பொழுதுபோக்காக எண்ணுவோர் வியப்படைவர். மாணவன் முதலில் அரைமண்டியில் உட்கார வேண்டும். முழங்கால்கள் இரண்டும் வெளிப்புறம் நோக்கி மடங்க, முதுகு நிமிர்ந்து நிற்க, கீழே உட்காரவும் இல்லாமல் மேலே நிற்கவும் இல்லாமல் இருக்கும் நிலை அது. ஆசான் தட்டுக்கழியைத் தட்டுமனையில் தட்டித் தாளம் தருவார். 'தெய்யா தெய்' என்னும் சொற்கட்டுக்குத் தக்கவாறு கால் தரையில் விழ வேண்டும். முதலில் ஒரு காலம், பின்பு அதனினும் இருமடங்கு வேகம், பின்பு அதனினும் இருமடங்கு. வேகம் ஏறும்போதும் அரைமண்டி ஓர் அங்குலமும் உயரக் கூடாது. ஓசை தெளிவு குன்றக் கூடாது. இவ்வாறு தட்டடவும் நாட்டடவும் ஏனைய அடவுகளும் கைவந்த பிறகே அலாரிப்பு. அதன்பின் ஜதிஸ்வரம், வர்ணம், பதம் என்று வழி நீளும். அடவுகளிலேயே மாதங்களும் ஆண்டுகளும் கழிந்துவிடும். பாதம் கன்றிப்போகும், தொடை நடுங்கும். இவ்வளவிற்கும் பிறகே, பார்ப்பவர்க்கு எளிதாகத் தோன்றும் அந்த அழகு பிறக்கிறது.

பாலே மாணவனும் இவ்வாறே சுவர்க்கம்பியைப் பற்றிக்கொண்டு முழங்கால்களை வெளிநோக்கி மடக்கும் பயிற்சியில் தொடங்குகிறான். ஆயினும் இரு கலைகளும் செல்லும் திசை வேறு. பாலே மண்ணை விட்டு மேலெழ முயல்கிறது. துள்ளலும் சுழலும் அதன் சிறப்பு. பரதம் மண்ணோடு உறவாடுகிறது. தரையில் விழும் காலடியே அதன் உயிர். ராம் கோபாலுக்கு மேலைநாட்டு விமரிசகர்கள் ஒரு பாலே கலைஞரின் பெயரைச் சூட்டினார்கள் எனினும், அவர்கள் கண்டு வியந்த உடற்கட்டும் ஒழுங்கும் இந்நாட்டு ஆசான்களின் தாளத்திற்கு ஆடி ஆடிப் பெற்றவை.

கடல் கடந்த புகழ்

1930-களின் பிற்பகுதியில் லா மேரி என்னும் அமெரிக்க நடனமணி இந்தியாவிற்கு வந்தார். பல நாட்டு நடனங்களையும் கற்று ஆடும் அவர், இளைஞர் ராம் கோபாலைத் தம்முடன் கிழக்காசிய நாடுகளுக்கு அழைத்துச் சென்றார். ஜப்பானில் இருவரும் பிரிய நேர்ந்தது. ஊர் திரும்புவதற்கு மாறாக, அவர் அமெரிக்கா நோக்கிச் சென்று, 1938-இல் அங்கே தனித்து மேடையேறினார். அங்கிருந்து ஐரோப்பா. 1939-ஆம் ஆண்டில் லண்டன் ஆல்ட்விச் அரங்கில் அவர் ஆடியபோது நகரம் அவரைக் கொண்டாடியது. சிவனாகவும் சிறகு விரித்த கருடனாகவும் அவர் ஆடிய ஆடல்கள் பெரிதும் பேசப்பட்டன.

அவரது வெற்றிக்கு ஒரு காரணம் உண்டு. மணிக்கணக்கில் நிகழும் நம் நடனத்தை, மொழியும் மரபும் அறியாத அயலார் எவ்வாறு சுவைப்பர் என்று அவர் எண்ணிப் பார்த்தார். சிறுசிறு ஆடல்களாகத் தொகுத்து, ஒளியமைப்பிலும் உடையணியிலும் கருத்துச் செலுத்தி, மேலைநாட்டு அரங்கிற்கு ஏற்பக் கோத்து அளித்தார்.

அவ்வாண்டே இரண்டாம் உலகப் போர் மூண்டது. தாயகம் திரும்பிய அவர் பெங்களூரில் நடனப் பள்ளி நடத்தினார். போர் முடிந்ததும் மீண்டும் தம் குழுவுடன் கடல் கடந்தார். 1948-இல் நியூயார்க் மாநகரின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற பன்னாட்டு நடன விழாவில் அவரது குழு ஆடியது. 1954-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஜேக்கப்ஸ் பில்லோ என்னும் நடனத் திருத்தலத்தில் ஆடினார். அவ்விடத்தை நிறுவிய டெட் ஷான் அவர்களின் வரலாறும் இங்கே நினைக்கத்தக்கது. கிறிஸ்தவப் போதகராக விரும்பிப் படித்துக்கொண்டிருந்த அவர், 1910-இல் தொண்டை அடைப்பான் நோயினால் கைகால் முடங்கினார். முடங்கிய உடலைத் தேற்றும் பயிற்சியாகவே நடனம் கற்கத் தொடங்கி, பின்பு அதையே வாழ்வாகக் கொண்டார். ஆடுதல் ஆண்மைக்கு இழுக்கு என்னும் எண்ணத்தை மாற்றவே, 1933-இல் ஆடவர் மட்டுமே அடங்கிய நடனக் குழு ஒன்றை அமைத்து நாடெங்கும் ஆடினார். நம் வீடுகளில் கேட்கப்படும் வினா அமெரிக்க வீடுகளிலும் கேட்கப்பட்டிருக்கிறது என்பதற்கு இது சான்று.

இரு மரபுகளின் சந்திப்பு

1923-ஆம் ஆண்டில் லண்டனில், ரஷிய பாலே அரசி அன்னா பாவ்லோவா ராதையாகவும், இந்திய இளைஞர் உதயசங்கர் கண்ணனாகவும் ஆடியது நடன வரலாற்றில் ஒரு மைல்கல். ஓவியம் கற்க லண்டன் சென்ற உதயசங்கரின் வாழ்வை அது முற்றிலும் மாற்றிற்று. அவர் பின்னாளில் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் உருவாக்கி, 1948-இல் வெளியிட்ட 'கல்பனா' திரைப்படம் இன்றும் நடனச் செல்வமாகப் போற்றப்படுகிறது.

முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து, 1960-இல், அதே ராதை கண்ணன் கதை மீண்டும் இரு மரபுகளை ஒன்றாக மேடையேற்றியது. இம்முறை கண்ணன் ராம் கோபால். ராதை, பதினான்காம் வயதிலேயே தியாகிலெவ் குழுவில் சேர்ந்து ஆங்கில பாலேயின் பெருமையாக உயர்ந்த அலிசியா மார்க்கோவா. பாலே உலகின் முடிசூடா அரசியருள் ஒருவர், இந்திய நடனக்கலைஞர் ஒருவரிடம் மாணவிபோல் நின்று முத்திரைகளையும் அசைவுகளையும் கற்றது, அந்நாட்களில் சிறிய செய்தியன்று. இந்தியா அடிமைப்பட்டிருந்த நாட்களில் வேடிக்கைப் பொருளாகப் பார்க்கப்பட்ட கலை, சரிநிகர் கலையாக மதிக்கப்பட்ட தருணம் அது.

கைதட்டல் ஓய்ந்தபின்

ஆனால் வாழ்வின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நாம் உண்மையுரைத்தவர் ஆகமாட்டோம். நடனக்கலைஞனின் கருவி அவனது உடல். வீணை பழுதானால் வேறு வீணை வாங்கலாம். முழங்கால் பழுதானால் என் செய்வது? பாடகர் அறுபதிலும் பாடுவார். ஓவியர் எண்பதிலும் தீட்டுவார். துள்ளி ஆடும் கலைஞனோ நாற்பதை நெருங்கும்போதே தன் மாலைப்பொழுதை எதிர்கொள்கிறான். ராம் கோபாலும் அதற்கு விலக்கன்று. 1957-இல் தம் வாழ்க்கை வரலாற்றை நூலாக எழுதினார். பின்னர் மேடையிலிருந்து மெல்ல மெல்ல விலகி, பெரும்பாலும் ஐரோப்பாவிலேயே வாழ்ந்தார். அவர் பெயர் தாய்நாட்டில் மங்கலாயிற்று. அவரிடமிருந்து ஊக்கம் பெற்றோர் பலர் இருந்தபோதிலும், புதிய தலைமுறைக்கு அவர் யாரென்றே தெரியவில்லை.

மதிப்புகள் பிந்தியே வந்தன. 1990-இல் சங்கீத நாடக அகாதெமி தன் உயர்ந்த சிறப்பாகிய உறுப்பினர் தகுதியை வழங்கியது. 1999-இல் இங்கிலாந்து அரசு விருது வழங்கியது. 2003-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள், தம் தொண்ணூறாம் வயதில், லண்டனில் அவர் மறைந்தார்.

புகழ் நிலையற்றது என்பதை நாம் மறையுரைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். இவ்வாழ்வு அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஆயினும், புகழ் மறைந்தது என்பதால் உழைப்பு வீணாயிற்று என்று கூறிவிட முடியாது. இன்று பரதம் ஆடும் ஒவ்வோர் ஆடவனும், ராம் கோபால் போன்றோர் மிதித்துச் சமன்படுத்திய பாதையில்தான் நடக்கிறான்.

ஆண்பிள்ளை ஆடலாமா?

இப்பொழுது முதல் வினாவுக்கு வருவோம். விவிலியம் அறிந்த நமக்கு இதில் ஐயம் எழலாகாது. உடன்படிக்கைப் பேழை எருசலேமுக்குள் கொண்டுவரப்பட்ட நாளில், தாவீது அரசர் ஆண்டவர் திருமுன் தம் முழு வலிமையுடன் ஆடினார் என்று சாமுவேல் இரண்டாம் நூல் கூறுகிறது. கோலியாத்தை வீழ்த்திய வீரர் அவர். பலகணி வழியாக அதைக் கண்ட மீக்கால், அரசர்க்கு அடுக்குமா இது என்று இகழ்ந்தார். மீக்காலின் குரலே இன்றும் நம் திண்ணைகளில் ஒலிக்கிறது. தாவீதோ தம் ஆட்டத்திற்காக வெட்கப்படவில்லை. ஆண்டவர் முன்னிலையில் இன்னும் தாழ்ந்து நிற்கவும் ஆயத்தமாக இருந்தார்.

திருச்சபையின் மரபிலும் சான்று உண்டு. ஸ்பெயின் நாட்டின் செவில் மறைமாவட்டப் பேராலயத்தில், கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழாவின்போதும் அமல உற்பவி அன்னையின் விழாவின்போதும், 'செய்செஸ்' எனப்படும் சிறுவர் குழு பலிபீடத்தின் முன் ஆடும் வழக்கம் நூற்றாண்டுகளாக நிலவிவருகிறது. நம் தமிழகத்திலோ, திருச்சிராப்பள்ளியில் 1977-இல் ஒரு கத்தோலிக்கக் குருவானவர் நிறுவிய கலைக்காவிரி, இசையையும் பரதத்தையும் கற்பிக்கும் கல்லூரியாக வளர்ந்து நிற்கிறது. கேரளத்தில் பிறந்த இயேசு சபைக் குரு சாஜு ஜார்ஜ் அவர்கள், பரதம் பயின்று, நற்செய்தி நிகழ்ச்சிகளைப் பல நாட்டு மேடைகளில் ஆடிக்காட்டியிருக்கிறார். குருவுக்கு இழுக்காகாத கலை, குடும்பத்துப் பிள்ளைக்கு இழுக்காகுமா?

உடல் தூய ஆவியாரின் ஆலயம் என்று மறைக்கல்வியில் கற்பிக்கிறோம். அவ்வுடலை மது குலைக்கலாம், சோம்பல் குலைக்கலாம், தெருச்சண்டை குலைக்கலாம். அவற்றைக் கண்டும் காணாததுபோல் இருந்துவிட்டு, உடலை ஒழுங்கிற்குக் கொண்டுவரும் ஒரு பயிற்சியை மட்டும் ஆண்மைக்குக் குறைவென்று தடுப்பது முறையன்று.

ஆட்டம் சோறு போடுமா?

இரண்டாம் வினா கடினமானது. ராம் கோபால் செல்வர் வீட்டுப் பிள்ளை. அவர் கதை நமக்கு எப்படிப் பொருந்தும் என்று வாசகர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வியே.

வட கேரளத்துப் பய்யனூரில் பிள்ளைகள் பலர் நிறைந்த எளிய குடும்பத்தில் பிறந்த ஒரு சிறுவர், 1953-இல் தமது பதினான்காம் வயதில், கல்விச் சலுகையுடன் சென்னை கலாக்ஷேத்ராவில் சேர்ந்தார். அவரே வி. பி. தனஞ்செயன். 1968-இல் தம் துணைவியார் சாந்தா அவர்களுடன் பரதக் கலாஞ்சலி என்னும் பள்ளியைத் தொடங்கினார். பிற்காலத்தில் அமெரிக்காவின் ஓகையோ பாலே குழுவுடன் இணைந்து 'காட்டுப் புத்தகம்' கதையை நாட்டிய நாடகமாக்கினார். 2009-இல் பத்மபூஷண் விருது பெற்றார். கணவனும் மனைவியும் கலையால் வாழ்ந்து, கலையால் பலரை வாழவைத்த குடும்பம் அது.

அண்மைக் காலத்துச் செய்தி ஒன்றும் உண்டு. மும்பைப் பகுதியைச் சேர்ந்த அமீருத்தீன் ஷா ஒரு வெல்டரின் மகன். மணீஷ் சவுகான் ஒரு டாக்சி ஓட்டுநரின் மகன். இருவரும் பாலே என்னும் சொல்லையே வளர்ந்த பின்னர் கேட்டவர்கள். யெகுதா மாவோர் என்னும் ஆசிரியர் அவர்களிடம் ஆற்றலைக் கண்டு, முனைந்து கற்பித்தார். 2017-இல் அமீருத்தீனுக்கு லண்டன் ராயல் பாலே பள்ளியில் இடம் கிடைத்தது. மணீஷ் அமெரிக்கா சென்று பயிலும் வாய்ப்புப் பெற்றார். 2020-இல் வெளிவந்த 'யே பாலே' என்னும் இந்தித் திரைப்படம் அவர்கள் வாழ்வினின்று பிறந்தது. வெல்டர்களும் ஓட்டுநர்களும் நிறைந்த நம் வடசென்னைப் பகுதிக்கு இக்கதை அயலார் கதையன்று.

ஆயினும், ஆடத் தெரிந்த பிள்ளைகள் அனைவரும் உலகமேடை ஏறிவிடுவர் என்று நாம் கூறவில்லை. ஆயிரத்தில் ஒருவர்க்கே அது வாய்க்கும். ஏனையோர் ஆசிரியராகலாம், நடனக் குழுக்களில் பணியாற்றலாம், அல்லது வேறு தொழில் செய்து, கலையை மனமகிழ்வாகப் போற்றலாம். ஆகவே, பள்ளிப்படிப்பை விட்டுவிட்டு ஆட்டத்தின்பின் ஓடுமாறு எந்தப் பிள்ளைக்கும் நாம் அறிவுரை கூறமாட்டோம். படிப்பும் பயிற்சியும் இரு கால்களாக நடக்கட்டும். ஒன்று தளர்ந்தாலும் மற்றொன்று தாங்கும்.

பெற்றோர் செய்யத்தக்கவை

வாய்ப்புகள் நாம் எண்ணுமளவு தொலைவில் இல்லை. தமிழக அரசின் கலை பண்பாட்டுத் துறை நடத்தும் ஜவகர் சிறுவர் மன்றங்களில் ஐந்து வயது முதல் பதினாறு வயது வரையுள்ள பிள்ளைகள் குறைந்த செலவில் நடனமும் இசையும் ஓவியமும் கற்கலாம். சற்று வளர்ந்தவர்களுக்கு மாவட்ட அரசு இசைப் பள்ளிகளிலும், சென்னை அரசு இசைக் கல்லூரியிலும் பரதம் பாடமாக உள்ளது. திருவான்மியூர் கலாக்ஷேத்ரா ஆண்பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்கிறது. 2021-ஆம் ஆண்டு முதல் காலடிப்பேட்டையிலேயே மெட்ரோ இரயில் நிலையம் அமைந்துவிட்டபடியால், நகரின் தென்பகுதிக்குச் சென்று வருவதும் முன்போல் அரிதன்று.

பிள்ளையை ஓர் ஆசிரியரிடம் ஒப்படைக்குமுன் பெற்றோர் நேரில் சென்று பார்ப்பது கடமை. ஆசிரியர் யார், அவர் யாரிடம் பயின்றவர், பயிற்சி எவ்விடத்தில் எந்நேரத்தில் நடைபெறுகிறது, பிற பெற்றோர் வந்து பார்க்க இசைவு உண்டா என்பனவற்றை அறிந்துகொள்ள வேண்டும். விரைவில் மேடையேற்றுவதாக ஆசைகாட்டும் இடத்தைவிட, அடவிலேயே ஆறு மாதம் நிறுத்திவைக்கும் இடமே மேல். ஓராண்டு பயிலட்டும். அதற்குள் பிள்ளையின் ஆர்வம் பொழுதுபோக்கா, உண்மைத் தாகமா என்பது வெளிப்பட்டுவிடும். கால் கன்றிய பின்னும் மறுநாள் தானே எழுந்து செல்பவனைத் தடுக்காதீர்கள். பத்து நாளில் சலித்துத் திரும்புபவனை ஏசவும் வேண்டாம்.

தாலந்துகளைப் பற்றி ஆண்டவர் கூறிய உவமையில், அச்சத்தால் தாலந்தை மண்ணில் புதைத்தவனே கண்டிக்கப்பட்டான். பிள்ளைக்குக் கொடுக்கப்பட்ட தாலந்தைப் பெற்றோரின் அச்சம் புதைத்துவிடலாகாது. ராம் கோபாலின் தந்தை மறுத்தபோது ஓர் இளவரசர் கைகொடுத்தார். நம் பிள்ளைகளுக்கு இளவரசர்கள் வரப்போவதில்லை. அவர்களுக்கு உள்ளவர்கள் அப்பாவும் அம்மாவும்தான், பங்கும் பள்ளியும்தான். அடுத்த திருவிழா மேடையில் உங்கள் மகன் ஆடும்போது கைதட்டுங்கள். மறுநாள் அவன் வாய் திறந்து கேட்டால், விடை கூறுமுன் அவனை உட்காரவைத்து, அவன் சொல்வதை முழுவதும் கேளுங்கள். பின்பு குடும்பமாகச் செபித்து முடிவெடுங்கள். அம்முடிவு எதுவாயினும், அது ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி எடுத்ததாக இராமல், இறைவன் தந்த கொடையை மதித்து எடுத்ததாக இருக்கட்டும்.